பன்றி விரட்டும் குரல்

பரளச்சிப் பக்கம் முத்துராஜின் தொண்டைக்கு மைக் தேவையில்லை. பொங்கல் விளையாட்டுப் போட்டியில் கரண்டு போனால் விழாக் கமிட்டிக்காரர்கள் ஜெனரேட்டரைத் தேடமாட்டார்கள், முத்துராஜைத்தான் தேடுவார்கள். கண்மாய்க் கரையில் நின்று அவன் ‘ஏலே’ என்றால் எதிர்க்கரையில் குளிக்கிறவன் தன்னைத்தான் கூப்பிடுகிறான் என்று துண்டை எடுத்துக்கொண்டு மேலே ஏறிவிடுவான். அதில் அவனுக்குப் பெருமை உண்டு. ஆள் ஒல்லி, காடும் கொஞ்சம்தான், குரலாவது பெரிதாக இருந்துவிட்டுப் போகட்டுமே.

அந்தக் குரலை வேலைக்கு வைத்துக்கொண்டவர் முத்துராமலிங்கம். கண்மாய்க்குக் கீழே கரிசலில் அவருக்கு நீளமான மக்காச்சோளக் காடு இருந்தது. கதிர் பால் பிடிக்கிற நேரம் பார்த்து வேலிக்கருவைக்குள்ளிருந்து காட்டுப்பன்றிக் கூட்டம் இறங்கிவிடும். தின்பது கொஞ்சம், உழப்பிப்போடுவது அதிகம். காட்டைச் சுற்றிப் பழைய சேலை கட்டிப் பார்த்தார். சலூன் கடையில் தலைமுடி அள்ளிவந்து வரப்பில் தூவிப் பார்த்தார். கடைசியில் அருப்புக்கோட்டைக்குப் போய் பாட்டரியில் ஓடுகிற சவுண்டுப் பெட்டி ஒன்று வாங்கிவந்து கம்பில் கட்டினார். பொழுது சாய்ந்ததும் அது தானாக நாய் மாதிரிக் குரைக்கும், தகரம் தட்டும், கொஞ்ச நேரம் சும்மா கிடக்கும், மறுபடி ஆரம்பிக்கும். விடிகிறவரை இதே வேலை. பன்றிகள் அந்த நாய்க்குச் சீக்கிரமே பழகிவிட்டன. ஒரு மனுசக் குரலும் சேர்ந்தால் நல்லது என்று அவருக்குத் தோன்றியது.

“ஏலே முத்துராசு, ஒன் சத்தத்த இந்தப் போன்ல புடிச்சுக் குடுலே. ஒன் தொண்டைக்குப் பன்னி என்ன பன்னி, புலி வந்தாலும் திரும்பிப் போயிரும்.”

புகழ்ந்தால் முத்துராஜ் கிணற்றில்கூட இறங்குவான். வரப்பில் காலை அகட்டி நின்று, நரம்பு புடைக்க, “ஏலே! யார்றா அது! வெட்டிப் போட்டுருவேன்! ஓடு! ஓடு!” என்று கத்திக் கொடுத்தான். அன்றிலிருந்து அவன் வீட்டில் தூங்கும்போதும் அவன் குரல் காட்டில் விழித்திருந்தது. பன்றி வருவது நிசமாகவே குறைந்தது.

அப்போதுதான் அவனுக்கு அந்த யோசனை வந்தது. பெட்டி சோளத்தைக் காக்கிறதே, அப்படியே நம் ஆட்டையும் சேர்த்துக் காக்கட்டும். தெருநாயும் களவாணியும் அண்டமாட்டார்கள். அவன் தரிசு சோளக்காட்டை ஒட்டித்தான் இருந்தது. ஆட்டுப்பட்டியைப் பெயர்த்துக்கொண்டுவந்து பெட்டிக்கு நேர் கீழே போட்டான். பைசாச் செலவில்லாத காவல் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

ஆடுகள் அவன் பெண்சாதி நாகஜோதியுடையவை. கல்யாணமாகி வந்தபோது பிறந்த வீட்டில் பிடித்துக்கொடுத்த ஒரு சோடிப் பெட்டைகளை வைத்து அவள் பெருக்கியது அந்தப் பட்டி. வெள்ளை உடம்பில் செம்பொட்டு விழுந்த பொட்டாடுகள். காடு இரண்டு வருசம் விளையாமல் போனபோதும் அந்த வீட்டில் உலை கொதித்தது என்றால் அது ஆட்டால்தான். முத்துராஜும் மேய்க்கப் போவான், இல்லையென்று சொல்லக்கூடாது. ஆனால் யார் ஆடு என்று கேட்டால் ஊரில் சின்னப்பிள்ளைகூட நாகஜோதி ஆடு என்றுதான் சொல்லும்.

பட்டி இடம் மாறிய அந்த மார்கழி கழிந்து தையில் ஆடுகள் குட்டி போட்டன. குட்டிகள் பிறந்த விதமே நாகஜோதிக்குப் பிடிக்கவில்லை. தரையில் விழுந்த குட்டி எழுந்து மடியைத் தேட வேண்டும். இவையோ எழுந்ததும் நடுங்கின. மடியில் வாயை வைத்துக் கொடுத்தால் ஒரு இழுப்பு இழுத்துவிட்டுத் தலையை உதறின. சருகு விழுந்தால் பதறி ஒன்றன்மேல் ஒன்று ஏறி மூலையில் ஒண்டின. மாசியில் ஊரில் எல்லாப் பட்டிக்கும் சளி வந்தது, வந்து போனது. இந்தப் பட்டிக்கு வந்தது போகவில்லை. சளி விட்டதும் கழிச்சல் பிடித்தது. நாகஜோதி குட்டிகளை அடுப்பங்கரையில் கிடத்திச் சாக்கு போர்த்தி, பால் பீய்ச்சி ஊற்றிப் பார்த்தாள். பங்குனி வெயில் வருவதற்குள் ஒன்றே ஒன்றைத் தவிர எல்லாம் செத்துப்போயின. ஓடைக்கரையில் குழி தோண்டித் தோண்டி அவள் கை காய்த்துப்போனது. அந்த வீட்டில் பிள்ளை செத்தது போல்தான் இருந்தது.

மிஞ்சிய ஒற்றைப் பெட்டைக்கு மிரளி என்று பெயர் விழுந்தது. முத்துராஜ் தூரத்தில் பேசினாலே அது வேலியில் போய் முட்டிக்கொள்ளும்.

“இங்கேரு நாகு,” என்றான் முத்துராஜ். “வாற தையிலயும் இப்படித்தான்னா ஆட்டக் கெட்டிக்கிட்டு அழ முடியாது. எல்லாத்தையும் சந்தையில வித்துட்டு நான் பந்தல்குடியில லோடு வண்டி ஓட்டப் போறேன். சின்னத்துரை கூப்புட்டுக்கிட்டே இருக்கான்.”

அவள் எழுந்து மிரளிக்குத் தண்ணீர் காட்டப் போனாள்.

கார்த்திகை பிறந்தது. கண்மாயில் தண்ணீர் ஏறி, கரிசல் ஊறி, சோளம் ஆள் உயரம் நின்றது. ஆடுகளும் சினையாகி வயிறு தொங்க நடந்தன. ஊர் மடத்தருகே கால்நடை முகாம் போட்டிருந்தார்கள். டாக்டர் ஜோதிகா இந்தப் பக்கத்துக்கு வந்து ஒரு வருசம் போலத்தான் ஆகிறது. ஆட்டைக் காலிடுக்கில் பிடித்து ஊசி போடுகிற லாவகத்தைப் பார்த்தால் ஆட்டுக்கிடை போடுகிறவர் வீட்டுப் பிள்ளையோ என்று தோன்றும். முத்துராஜ் அவரிடம் நேராகவே கேட்டான்.

“போன வருசம் போட்டது தண்ணி ஊசியோ என்னமோ டாக்டரம்மா. எங்க குட்டி பூராம் போச்சு.”

“ஊருக்கெல்லாம் அதே ஊசிதாங்க போட்டோம். மத்த பட்டியில குட்டி நிக்குதுல்ல?” என்றார் ஜோதிகா. கோபப்படவில்லை. “தாயாடுக நல்லாத்தான் இருக்கு. சினையா இருக்கும்போது ஏதாவது பயந்துச்சா? நாய் வெரட்டுறது, வெடிச் சத்தம், அந்த மாதிரி?”

“அதெல்லாம் கெடையவே கெடையாது. எங்க பட்டிக்குக் காவலுக்குப் பெட்டியே வச்சிருக்கு!”

ஏதோ கேமராப் பெட்டி போலிருக்கிறது என்று டாக்டர் எடுத்துக்கொண்டார். போன் நம்பரைக் கொடுத்துவிட்டு அடுத்த ஆட்டுக்குப் போய்விட்டார். நாகஜோதியும் பக்கத்தில்தான் நின்றாள். அவளுக்கும் அந்தப் பதிலில் தப்பு தெரியவில்லை.

அந்த வாரம் முத்துராஜின் தங்கச்சி தங்கமாரி பிரசவத்துக்கு வந்து சேர்ந்தாள். அப்பன் ஆத்தா இல்லாத பிள்ளை, அண்ணன் வீடுதான் அவளுக்குத் தாய்வீடு. அருப்புக்கோட்டையில் புருசன் கோகுலும் அவளும் ஒரே தறிப்பட்டறையில் வேலை பார்த்தார்கள். விசைத்தறிக்கு மேலே பேசிப் பேசி அவளுக்கும் குரல் அண்ணனுக்குக் குறைந்ததில்லை. வாயோ அவனைவிட நீளம். வளைகாப்பு முடிந்து, முழங்கைவரை கண்ணாடி வளையல் குலுங்க, கையில் ஒரு பை காராச்சேவோடு பஸ்ஸை விட்டு இறங்கினாள்.

“மதினி, ஒங்க ஆட்டப் பாக்கணும். கூட்டிட்டுப் போங்க,” என்று மறுநாள் சாயங்காலம் கிளம்பினாள். நாகஜோதி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். வரப்பு வழுக்கியது. பட்டியை நெருங்கவும் பொழுது சாயவும் சரியாக இருந்தது. தலைக்கு மேலே பெட்டி வாயைத் திறந்தது.

“ஏலே! யார்றா அது! வெட்டிப் போட்டுருவேன்!”

தங்கமாரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். நாகஜோதி பக்கத்தில் குந்தி அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

“ஏ தங்கம், என்ன செய்து? வலிக்கிதா?”

“இல்ல மதினி. உள்ள பிள்ள திடுக்குனு துள்ளிருச்சு. இந்தா, தொட்டுப் பாருங்க, இன்னும் அடங்கல.” மூச்சு வாங்கிக்கொண்டே சிரிக்கப் பார்த்தாள். “தறிச் சத்தத்துலயே வளந்த பிள்ளதான், அதுக்கு அசையாது. நம்ம அண்ணன் சத்தத்துக்கு எப்படித் துள்ளுது பாருங்க. எனக்கே நெஞ்சு அடிச்சுக்கிருச்சு. பாவம், இந்த ஆடெல்லாம் எப்படித்தான் இதுக்கடியில கெடக்குதோ.”

நாகஜோதி அப்போதுதான் ஆட்டைப் பார்த்தாள். தினமும் அடைத்துவிட்டுப் பெட்டி பேசுவதற்குள் வீட்டுக்குத் திரும்பிவிடுகிறவள் அவள். சினையாடுகள் எல்லாம் பட்டியின் கடைக்கோடி மூலையில் நெருக்கிக்கொண்டு நின்றன. ஒன்றும் படுக்கவில்லை. ஒன்றுகூட அசைபோடவில்லை. மேய்ந்து வந்த ஆடு அசைபோடாமல் நின்றால் அதற்கு மனசு சரியில்லை என்று அர்த்தம். நாய் குரைத்தது, தகரம் தட்டியது, மறுபடி முத்துராஜ் வெட்டிப்போடுவேன் என்றான். ஒவ்வொரு தடவையும் அத்தனை வயிறும் ஒருசேர ஒடுங்கின.

அவள் தங்கமாரியின் வளையலைப் பார்த்தாள்.

“இந்த வளையல எதுக்குப் போட்டோம் தங்கம்?”

“என்ன மதினி, தெரியாத மாதிரிக் கேக்கீக? வயித்துப் பிள்ளைக்கு நல்ல சத்தம் காதுல விழணும்னுதான்.”

“அப்ப என் ஆட்டு வயித்துல இருந்ததுகளுக்கு என்ன சத்தம் விழுந்துச்சு?”

தங்கமாரிக்குச் சிரிப்பு நின்றுபோனது.

வீட்டுக்கு வந்தபோது முத்துராஜ் குதிரைவாலிச் சோற்றில் கருவாட்டுக் குழம்பை ஊற்றிப் பிசைந்துகொண்டிருந்தான். நாகஜோதி சுற்றி வளைக்கவில்லை.

“நம்ம குட்டிகளக் கொன்னது ஒங்க சத்தந்தாங்க.”

“என்ன ஒளறுற? என் சத்தம் காவலுக்குல்ல இருக்கு!”

“காவல் சோளத்துக்கு. அடியில கெடக்குற ஆட்டுக்கு அது ராத்திரி பூராம் வெரட்டு. ஓடு ஓடுங்கிறீக, எங்குட்டு ஓடும்? பட்டிக்குள்ளல்ல கெடக்கு!”

“அடியே, நான் சொல்றது பன்னிய! ஆட்டையா சொல்றேன்?”

“அது ஆட்டுக்கு எப்படிண்ணே தெரியும்?” என்று தங்கமாரி புகுந்தாள். “மிரளி ஒன்னையக் கண்டா ஏன் ஓடுது? ஒன்னையப் பன்னினு நெனைச்சு ஓடல. தன்னையவே பன்னினு நெனைச்சு ஓடுது. வயித்துக்குள்ள இருந்தே கேட்ட திட்டுல்ல.”

முத்துராஜ் கை சோற்றிலேயே நின்றது. “அப்பக் கழிச்சலு? சளி? அதுவும் என் சத்தத்துல வந்ததாக்கும்?”

“டாக்டரம்மாகிட்டயே கேப்போம்,” என்று நாகஜோதி போனை எடுத்து எல்லாருக்கும் கேட்கிற மாதிரி வைத்தாள். பெட்டி என்ன பெட்டி, எங்கே இருக்கிறது, எவ்வளவு நேரம் கத்தும் என்று சொல்லச் சொல்ல ஜோதிகா ஒவ்வொன்றையும் திருப்பிக் கேட்டுக்கொண்டார்.

“அன்னைக்குப் பெட்டின்னதும் நான் கேமரானு நினைச்சுட்டேங்க. இதக் கேட்டிருக்கணும். தாய் நாள்கணக்கா பயந்துக்கிட்டே இருந்தா அது உடம்புல சுரக்குறது குட்டி உடம்புக்கும் போகுங்க. பிறக்கும்போதே பதற்றமா பிறக்கும். சீக்கிரம் மடியத் தேடாது. நோயத் தாங்குற சத்து சீம்பால்லதான் வரணும், அதைக் குடிக்காத குட்டிக்குச் சளி வந்தாக்கூட ஆபத்து. இது ஒண்ணுதான் காரணம்னு சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா பட்டிய அங்கிருந்து எடுத்துருங்க. இன்னும் நேரம் இருக்கு.”

முத்துராஜ் பாதிச் சோற்றில் எழுந்து கை கழுவினான். தான் ஊருக்கே பெருமையாகக் காட்டிய ஒன்று தன் வீட்டுக் குட்டிகளைத் தின்றிருக்கிறது என்பதை ஒரு மனுசன் செரிக்க நேரமாகத்தான் செய்யும்.

விடிந்ததும் நேரே முத்துராமலிங்கத்தின் வாசலில் போய் நின்றான்.

“அய்யா, ஆடு குட்டி போடுற வரைக்கும் பெட்டிய அமத்தி வைக்கணும்.”

“நல்லாக் கேட்ட போ! கதிரு பால் புடிக்கிற நேரம். பன்னி என்ன ஒன் மச்சினனா, சொன்னாக் கேட்டுக்கிற?” என்றார் அவர். பிறகு அவன் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலை இறக்கினார். “பெட்டிய அமத்த முடியாதுலே. கண்மாய்க்கு அங்குட்டு என் செம்மண் மேடு சும்மாதான கெடக்கு, பெட்டிச் சத்தம் அம்புட்டுத் தூரம் எட்டாது, அங்க போட்டுக்க பட்டிய. ஆனா நாய்க்கு நான் பொறுப்பில்ல, சொல்லிட்டேன்.”

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. செம்மண் மேட்டுக்கு அப்பால்தான் ரோடு. கோழிக்கழிவைக் கொட்டுகிற இடம் அது. தின்று கொழுத்த நாய்கள் கூட்டம் கூட்டமாகத் திரியும். பெட்டிக்கடியில் இருந்தால் குட்டி சாகும், மேட்டுக்குப் போனால் ஆடே சாகலாம். நாகஜோதி ஒரு பகல் முழுக்க யோசித்தாள். கடைசியில், “போவோம்” என்றாள்.

மழை விட்டுவிட்டுப் பெய்தது. கரிசல் சேறு காலில் அப்பி, எடுத்துவைக்கிற ஒவ்வொரு அடியும் கனத்தது. முத்துராஜ் வேலிக்கருவையை வெட்டிச் சாய்க்க, நாகஜோதி கவைக்கம்பால் அலாக்காகத் தூக்கி அடுக்கினாள். ஆள் உயரத்துக்கு ரெட்டை முள்வேலி போட்டார்கள். உள்ளே மணல் பரப்பி, மேலே தார்ப்பாய் இழுத்துக் கட்டினார்கள். கை முழுக்க முள் கீறல். தங்கமாரி வீட்டிலிருந்து கொதிக்கக் கொதிக்கக் கஞ்சியும் கொத்தவரங்காய்த் துவட்டலும் அனுப்பிவைத்தாள். ஆடுகள் புதுப் பட்டிக்குள் நுழைந்து, மோந்து பார்த்து, சுற்றிச் சுற்றி வந்தன. மூன்றாம் நாள் சாயங்காலம் மூத்த பெட்டை முன்னங்காலை மடக்கிப் படுத்தது. தாடை மெல்ல அசைந்தது. நாகஜோதி முத்துராஜின் விலாவில் இடித்துக் காட்டினாள்.

“அசைபோடுதுங்க.”

முத்துராஜ் ‘ஆமா’ என்று சொல்ல வாயெடுத்து, பாதியில் அடக்கி, காதோடு சொன்னான். அந்தக் கணத்திலிருந்து அவன் பட்டிப் பக்கம் குரலை உயர்த்தவே இல்லை. யாரும் அவனைச் சொல்லவில்லை, அவனாகவே வைத்துக்கொண்ட விரதம் அது. கொஞ்ச நாளில் அது வீட்டுக்கும் கடைக்கும் பரவியது. டீக்கடையில் அவன் குசுகுசுவென்று டீ கேட்க, தொண்டையில் கட்டி என்று ஒரு பேச்சு கிளம்பியது. பெண்சாதி அடித்துவிட்டாள் என்று இன்னொரு பேச்சும் கிளம்பியது. அவன் எதற்கும் மறுப்புச் சொல்லவில்லை. தினமும் அகத்திக் குழையோடு பட்டிக்குள் போய், “வாங்க தாயி, வாங்க” என்று ரகசியம் பேசுவதுபோல் பேசிக்கொண்டிருப்பான்.

மார்கழியில் ஒரு விடியற்காலை நாய்கள் வந்தன. முத்துராஜ் அப்போதுதான் படலைத் திறந்து ஆடுகளை வெளியே விட்டிருந்தான். மேட்டின் மேலே தலைகள் தெரிந்தன. ஒரு சத்தம் போட்டால் போதும், அவன் தொண்டைக்கு அவை ரோட்டைத் தாண்டி ஓடியிருக்கும். வாயைத் திறந்தான். காலடியில் கனத்த வயிறுகள் நின்றன. வாயை மூடிக்கொண்டான். கம்பை எடுத்துக்கொண்டு, ஒரு சொல் இல்லாமல், பல்லைக் கடித்துக்கொண்டு நாய்களைப் பார்த்து ஓடினான். கத்துகிற மனுசனை அந்த நாய்கள் நிறையப் பார்த்திருக்கும். கத்தாமல் பாய்ந்துவருகிறவனை அவை பார்த்ததில்லை போல. முன்னால் வந்தது முதுகில் ஒன்று வாங்கியதும் மற்றவை சிதறின. தண்ணீர்க் குடத்தோடு வந்த நாகஜோதி பார்த்தபோது அவன் முழங்காலில் ரத்தம் வழிய நின்றிருந்தான். ஆடுகள் ஓடவில்லை. அத்தனையும் அவன் முதுகுக்குப் பின்னால் வந்து ஒண்டியிருந்தன.

குடத்தை இறக்கிவைத்துவிட்டு அவள் அழுதாள். “என்னத்துக்கு அழுகுற?” என்று அவன் காதோடு கேட்டான்.

தை பிறந்து, தங்கமாரிக்கு ஆண்பிள்ளை பிறந்த வாரத்திலேயே மூத்த பெட்டையும் குட்டி போட்டது. முத்துராஜும் நாகஜோதியும் பக்கத்தில் குந்திப் பார்த்தார்கள். குட்டி தரையில் விழுந்தது. ஆத்தா நக்கி முடிக்குமுன் பின்னங்காலை ஊன்றியது, மூக்கு இடித்து விழுந்தது, மறுபடி எழுந்தது. தள்ளாடிப் போய் மடியில் ஒரு முட்டு முட்டி வாயை வைத்தது. வால் துடித்தது. விடவே இல்லை.

“குடிக்கிதுங்க! ஏங்க, குடிக்கிது!” என்று கத்தியது நாகஜோதிதான். முத்துராஜ் அவள் வாயைப் பொத்தினான்.

அடுத்தடுத்து எல்லா ஆடுகளும் ஈன்றன. மாசியில் வழக்கம்போலச் சளி வந்தது, பின்னாலேயே கழிச்சலும். ஜோதிகா வந்து மருந்து கொடுத்தார். நாகஜோதிக்கு அந்த நாட்களில் சோறு இறங்கவில்லை. ஓடைக்கரைப் பக்கம் பார்வையைத் திருப்பாமலே நடந்தாள். குட்டிகள் சோர்ந்தன, படுத்தன. ஆனால் படுத்தவாறே மடியைத் தேடின. பிறகு ஒவ்வொன்றாக எழுந்து ஒன்றன்மேல் ஒன்று ஏறி விளையாட ஆரம்பித்தன. பங்குனி வெயில் வந்தபோது ஒரு குட்டிகூடக் குறையவில்லை. மண்வெட்டி தாழ்வாரத்தில் துருப்பிடித்துக் கிடந்தது. சின்னத்துரை போன் போட்டபோது முத்துராஜ், “லோடு வண்டிக்கு வேற ஆளப் பாரப்பா, எனக்கு இங்கயே லோடு சாஸ்தி” என்றான்.

அப்படி இருக்கையில் ஒருநாள் முத்துராமலிங்கம் செல்போனோடு மேட்டுக்கு வந்தார். பெட்டிக்குள் இருந்த கார்டு மழை இறங்கிக் கெட்டுப்போயிருந்தது. கிணற்றுப் பாய்ச்சலில் கடலை போட்டிருக்கிறார். பன்றி விடுமா?

“ஏலே, பழையபடி ஒரு சத்தம் போட்டுக் குடுலே.”

“அய்யா, குட்டிக அங்கன மேயுது,” என்றான் முத்துராஜ் மெதுவாக. கண்மாய்க்குள் தூரத்தில் வெள்ளையும் சிவப்புமாகக் குட்டிகள் தெரிந்தன.

“மேஞ்சா மேயட்டும். பேசவே மாட்டேங்கிற, தொண்ட நெசமாவே போச்சாலே?”

முத்துராஜ் நாகஜோதியைப் பார்த்தான். பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்ற தங்கமாரியைப் பார்த்தான். அவன் கண்ணில் பயம் இருந்தது. இத்தனை நாள் காத்ததெல்லாம் ஒரு சத்தத்தில் போய்விட்டால்?

“கத்துங்க,” என்றாள் நாகஜோதி. “நம்ம குட்டிக பயப்படாது. நான் சொல்றேன், கத்துங்க.”

அவன் காலை அகட்டி நின்றான். கார்த்திகையிலிருந்து அடைத்துவைத்திருந்த அத்தனையும் சேர்ந்து வந்தது.

“ஏலே! யார்றா அது! வெட்டிப் போட்டுருவேன்! ஓடு! ஓடு!”

கண்மாய் முழுக்க அது எதிரொலித்தது. கொக்குகள் எழுந்தன. தாயாடுகள் தலையைத் தூக்கின. குட்டிகள் காதை நிமிர்த்தின, ஒரு நிமிசம் அப்படியே நின்றன. பிறகு முதல் குட்டி துள்ளியது. அதன் பின்னால் இன்னொன்று. புழுதி கிளம்ப அத்தனை குட்டிகளும் ஓடின, நேராக முத்துராஜைப் பார்த்து. அகத்திக் குழை கொண்டுவருகிற குரல் அல்லவா அது, இன்றைக்குக் கொஞ்சம் பெரிதாக வந்திருக்கிறது, அவ்வளவுதான். கரையேறி வந்து அவன் காலை முட்டின, வேட்டியைக் கடித்து இழுத்தன, அவனை மல்லாக்கத் தள்ளின. மிரளி மட்டும் பாதித் தூரத்தில் நின்றுகொண்டது. வரவில்லை, ஆனால் முதல் தடவையாக ஓடவும் இல்லை. தங்கமாரியின் தோளில் பிள்ளை கண்ணைக்கூடத் திறக்காமல் தூங்கியது.

நாகஜோதி சிரித்தாள். சிரிக்கச் சிரிக்க கண்ணில் தண்ணீர் கொட்டியது, அதைத் துடைக்கவும் தோன்றாமல் சிரித்தாள்.

முத்துராமலிங்கம் செல்போனை அணைத்து மடியில் செருகினார்.

“போலே, ஒன் சத்தம் கெட்டுப்போச்சு,” என்றார். “இதப் பெட்டியில போட்டா பன்னி பூராம் என்னையத் தேடிக்கிட்டு வீட்டுக்கே வந்துரும்.”